2015 எக்ஸ்யூவி500-க்கு 2018 மாடலின் 18 அங்குல வீல்: உள்ளே இருக்கும் சென்சார் பேசுமா?

கோட்டை அகழி (சத்துவாச்சாரி)

அனைவருக்கும் வணக்கம். வண்டி 2015 மஹிந்திரா எக்ஸ்யூவி500, டபிள்யூ10 வேரியன்ட். கம்பெனி போட்டுக் கொடுத்த 17 அங்குல அலாய், 235/65 டயர். டயர் நான்கும் தேய்ந்துவிட்டன. பள்ளிகொண்டா டோல் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியதில் ஒரு ரிம்மின் உதடும் வளைந்துவிட்டது. புது டயர் விசாரிக்கப் போன இடத்தில், சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையிலிருந்து ஒரு செட் வந்திருப்பதாகச் சொன்னார்கள். 2018 ஃபேஸ்லிஃப்ட்டில் டபிள்யூ11-க்கு வந்த 18 அங்குல அலாய், 235/60 டயருடன். பட்டன் பாதிக்கு மேல் இருக்கிறது, ரிம்மும் நேராக இருக்கிறது.

விற்பவர், "உள்ளே சென்சாரும் இருக்கு சார், மாட்டினா போதும், உங்க மீட்டர்லயே காத்து காட்டும்" என்கிறார். என் வண்டியில் டயர்ட்ரானிக்ஸ் (டயரின் காற்றழுத்தத்தை மீட்டரில் காட்டும் வசதி) உண்டு. சென்சாருக்கும் சேர்த்துத்தான் விலை சொல்கிறார், அதுதான் யோசனை.

ஒரே கம்பெனி, ஒரே வண்டி, மூன்று வருட வித்தியாசம். அந்த சென்சார் என் வண்டியோடு சேருமா? சேராது என்றால் என் பழைய சென்சாரைக் கழற்றி அதில் போடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிப்காட் ஷிப்ட் (ராணிப்பேட்டை)

இன்னா சார், இதுக்கெல்லாமா யோசனை? இரண்டுமே ஐந்து போல்ட், 114.3 பிசிடி (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மி.மீ.யில்). கண்ணை மூடிக்கொண்டு மாட்டுங்கள். வீல் சேர்ந்தால் சென்சாரும் சேரும், ஒரே கம்பெனி தானே.

டயர்க்கடைத் தம்பி (காட்பாடி)

சிப்காட் அண்ணன் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி சரியில்லை. வீல் சேருவது இரும்புக் கணக்கு. சென்சார் சேருவது ரேடியோக் கணக்கு. இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் இரும்பு. 235/65 R17 டயரின் மொத்த விட்டம் சுமார் 737 மி.மீ. 235/60 R18 என்றால் 739 மி.மீ. வித்தியாசம் கால் சதவீதம்தான். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ்ஸும் குழம்பாது. ஒரே கம்பெனி ஒரே வண்டிக்குக் கொடுத்த வீல் என்பதால் ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்காரும் என்ற அளவு), நடு ஓட்டை பற்றிப் பெரிய பயம் இல்லை. ஆனாலும் வாங்குவதற்கு முன் ஒரு வீலை மாட்டி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்கள். புதுப்பேட்டை சரக்கில் ரிம் ஒரு வண்டியுடையது, சொல்லப்படுவது வேறு வண்டியுடையது என்பது நடக்கும். ஒன்று மட்டும் கவனம். டயரின் பக்கச்சுவர் 153 மி.மீ.யிலிருந்து 141-க்குக் குறைகிறது. ரிம் வளைந்த அதே பள்ளத்தில் இன்னொரு முறை இறங்கினால் 18 அங்குலத்துக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வலிக்கும்.

இப்போது சென்சார். ஒவ்வொரு வீலுக்குள்ளும் வால்வின் அடியில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் அழுத்தம், சூடு இரண்டையும் அளக்கும் சிப், ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு டிரான்ஸ்மிட்டர். வண்டி ஓடும்போது குறிப்பிட்ட இடைவெளியில் காற்றழுத்தத்தோடு தன் அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்பும். இதைக் கேட்கும் ரிசீவர் பெட்டி ஒன்று வண்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குத் தன் நான்கு பிள்ளைகளின் எண் மட்டும்தான் தெரியும். பக்கத்து லேனில் போகும் வண்டியின் சென்சாரும் கத்திக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அந்த எண் இதன் பட்டியலில் இல்லாததால் காதில் போட்டுக்கொள்ளாது.

ஆக, வேறு வண்டியின் சென்சார் உங்கள் வண்டியில் வேலை செய்ய வேண்டுமானால் பல விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். அலைவரிசை ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ். அலைவரிசை ஒன்றானாலும் பேசும் விதம் ஒன்றாக இருக்க வேண்டும். செய்தியை அலையில் ஏற்றும் முறை, வேகம், அதில் எந்த எண் எங்கே வருகிறது என்ற வரிசை எல்லாம் சென்சார் தயாரித்தவரைப் பொறுத்து மாறும். இதில்தான் பலர் ஏமாறுவார்கள். "இதுவும் 433, அதுவும் 433" என்று வாங்கி மாட்டினால் விளக்கு அணையாது. இவை எல்லாம் சேர்ந்த பிறகும், புது எண்களை வண்டியின் பெட்டிக்குள் பதிய வேண்டும். சில வண்டிகள் கொஞ்ச தூரம் ஓட்டினால் தானே பிடித்துக்கொள்ளும். சிலவற்றுக்கு ஒவ்வொரு வீலிடமும் கருவியைக் காட்டி எழுப்ப வேண்டும், அதற்கு 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு சிக்னல். சிலவற்றுக்கு ஓபிடி சாக்கெட் (வண்டியின் கணினியோடு கருவியை இணைக்கும் துளை) வழியாக எண்ணை எழுதினால்தான் உண்டு.

உங்கள் விஷயத்தில் 2015-க்கும் 2018-க்கும் ஒரே பாகம்தானா என்பதை ஊகித்துச் சொல்ல மாட்டேன். டயரை ஒரு பக்கம் அவிழ்த்து, சென்சார் உடம்பில் அச்சடித்திருக்கும் பாக எண்ணைப் படியுங்கள். உங்கள் வண்டியின் சென்சாரிலும் படியுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மேலே பேசலாம். பாக எண் வேறாக இருந்தால், சென்சாருக்கென்று ஒரு பைசா சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

ஆம்பூர் ஓட்டம்

தம்பி விளக்கமாகச் சொன்னது நன்றாக இருக்கிறது. ஆனால் நான் கேட்பது வேறு. இந்த சென்சார் இல்லாமல் நாம் எத்தனை வருடம் வண்டி ஓட்டினோம்? வாரத்துக்கு ஒரு முறை பெட்ரோல் பங்கில் காற்று பார்த்துக்கொண்டால் போதாதா? சென்சார் இல்லாத சாதா வால்வைப் போட்டு, மீட்டரில் எரியும் விளக்கின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப். செலவு இல்லை, தலைவலி இல்லை.

டயர்க்கடைத் தம்பி (காட்பாடி)

பாய், வாரா வாரம் காற்று பார்ப்பவருக்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உண்மையில் அப்படிப் பார்ப்பவர் நூற்றில் எத்தனை பேர் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

காற்று குறைந்த டயர் எங்கே போகிறது என்று யோசியுங்கள். ஆம்பூரிலிருந்து வாலாஜா வரை ஆறு வழிச் சாலை, மே மாதம், பகல் இரண்டு மணி, ஐந்து பேர், பின்னால் கல்யாணச் சாமான். ஆணி ஏறி மெதுவாகக் காற்று இறங்கும் டயர் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி, உள்ளே நூல் விட்டுக்கொண்டே வரும். கடைசியில் ஒரே வெடி. அப்படி வந்த டயர்களை அறுத்துப் பார்த்திருக்கிறேன். உள்பக்கம் கறுப்புத் தூளாகக் கொட்டும். சென்சார் இருந்தால் இந்த ஒரு ஆபத்தில் முன்கூட்டியே குரல் கொடுக்கும். டேப் ஒட்டினால் அந்தக் குரலையும் சேர்த்துத்தான் மூடுகிறீர்கள்.

குடியாத்தம் மாப்பிள்ளை (இப்போது மிச்சிகன்)

இங்கே இந்தக் கதை பழசு என்பதால் சொல்கிறேன். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர் பிரிந்து நடந்த விபத்துகளுக்குப் பிறகு, 2000-ல் அமெரிக்காவில் டிரெட் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக, 2007 செப்டம்பர் 1-க்குப் பிறகு தயாராகும் எல்லாக் கார்களிலும் டயர் அழுத்த எச்சரிக்கை இருந்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும். இங்கே பனிக்காலத்துக்கு ஒரு செட் வீல், கோடைக்கு ஒரு செட் வீல் என்று பலர் வைத்திருப்பார்கள். அதனால் உங்கள் கேள்வி இங்கே தினமும் எழும் கேள்வி.

மாடல் வருடத்தை மட்டும் நம்பி ஏமாறுவதற்கு ஒரு நல்ல உதாரணம் செவ்ரோலே சில்வரடோ 1500. 2018 வரை உள்ள வண்டிகளின் சென்சார் 315 மெகாஹெர்ட்ஸ். 2019-ல் வந்த புது உடம்பில் 433. இரண்டுமே ஆறு போல்ட், 139.7 பிசிடி, வீல் அழகாக உட்காரும். சென்சார் மட்டும் ஊமை. இதிலும் ஒரு வேடிக்கை: 2019-லேயே பழைய உடம்பையும் எல்டி என்று பெயர் சேர்த்து விற்றார்கள். அதில் பழைய 315. ஆகவே "2019 சில்வரடோ வீல்" என்று விளம்பரம் பார்த்து வாங்கினால் இரண்டில் எது வரும் என்று சொல்ல முடியாது. வண்டி எந்த உடம்பு, சென்சார் எந்த எண் என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். தம்பி சொன்ன பாக எண் விஷயம் நூற்றுக்கு நூறு.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். இங்கே சென்சார் மலிவு. வேண்டுமானால் ஒரு செட் கொண்டு வரட்டுமா?

டயர்க்கடைத் தம்பி (காட்பாடி)

மாப்பிள்ளை, அன்புக்கு நன்றி, ஆனால் 315 சென்சாராக இருந்தால் அது பெட்டியில் வரும் பாரம்தான். இங்கே பெரும்பாலான வண்டிகள் அதைக் கேட்காது. இரண்டு அலைவரிசையும் ஒன்றிலேயே இருக்கும் புரோகிராம் செய்யும் சென்சார் கிடைத்தால் கொண்டு வாருங்கள். அதிலும் இந்திய வண்டிகளின் பட்டியல் கருவியில் இருக்க வேண்டும். அங்கே மஹிந்திரா கார் ஓடாததால், அங்கே விற்கும் கருவியில் அந்தப் பெயரே இருக்காது என்று நினைக்கிறேன். சாக்லேட் கொண்டு வந்தால் போதும்.

சேவூர் சாலை (ஆரணி)

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னுடையது ஃபோக்ஸ்வாகன் டைகுன். மீட்டரில் எந்த டயரில் எத்தனை பிஎஸ்ஐ என்று காட்டவே காட்டாது, காற்று குறைந்தால் ஒரு விளக்கு மட்டும். எனக்கும் வேறு அலாய் போடும் யோசனை இருக்கிறது. கடையில் "சார், உங்க சென்சாரை மாத்தணும், நாலும் புதுசு வாங்கணும்" என்றார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

டயர்க்கடைத் தம்பி (காட்பாடி)

வாங்காதீர்கள் அண்ணா. உங்கள் வண்டியில் வீலுக்குள் சென்சாரே கிடையாது. டைகுன், வர்ட்டஸ், குஷாக் மூன்றிலும் மறைமுக முறை. டாடா வண்டிகளில் ஐடிபிஎம்எஸ் என்று போட்டிருக்குமே, அதுவும் இந்த ஜாதிதான். ஏபிஎஸ்ஸுக்காக ஒவ்வொரு வீலிலும் சுற்று எண்ணும் சென்சார் ஏற்கனவே இருக்கிறது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு கொஞ்சம் சுருங்கும், மற்றதைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். வண்டியின் கணினி அந்த வித்தியாசத்தைப் பிடித்து விளக்கைப் போடுகிறது.

இதில் வீல் மாற்றுவது சுலபம். நான்கிலும் சரியான காற்று அடித்துவிட்டு, மீட்டர் மெனுவிலோ திரையிலோ உள்ள ரீசெட்டை அழுத்த வேண்டும். அதன் பிறகு ஓட ஓட அதுவே புதுக் கணக்கைக் கற்றுக்கொள்ளும். காற்று குறைந்த டயரோடு ரீசெட் அழுத்தினால், அந்தக் குறைந்த நிலையையே சரியென்று எடுத்துக்கொள்ளும். நிறையப் பேர் விளக்கு எரிந்ததும் முதலில் ரீசெட்டைத்தான் அழுத்துகிறார்கள், அப்புறம்தான் டயரைப் பார்க்கிறார்கள்.

குறை என்னவென்றால், நான்கு டயரிலும் ஒரே மாதிரி காற்று இறங்கினால் இந்த முறைக்குக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஓய்வுபெற்ற வாத்தியார் (வாலாஜா)

இயற்பியல் எடுத்தவன் என்ற முறையில் ஒரு சின்னக் குறிப்பு. காற்றைப் பற்றி நம்மூரில் நிறையக் குழப்பம் இருக்கிறது.

டயரின் காற்று ஐந்தரை டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 1 பிஎஸ்ஐ கூடும். ஜனவரியில் வேலூரில் விடியற்காலை 33 அடித்தவர், அதே டயரை மே மாதம் மதியம் நிழலில் நின்ற வண்டியில் அளந்தால் 36 வரக்கூடும். காற்று கூடிவிட்டது என்று திறந்து விடுகிறார். அடுத்த ஜனவரி விடியற்காலையில் அது 30-க்குப் போய்விடும். ஓடி வந்த சூட்டில் ஒருபோதும் காற்றை இறக்கக் கூடாது. கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் அளவு குளிர்ந்த டயருக்கானது.

இன்னொன்று, அமெரிக்க விதிப்படி விளக்கு எரிய வேண்டிய அளவு, ஸ்டிக்கரில் உள்ளதற்கு 25 சதவீதம் கீழே. 33 என்றால், 25-க்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் விளக்கு எரியும். ஆகவே விளக்கு எரியவில்லை என்பதற்காகக் காற்று சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆம்பூர் நண்பர் சொன்ன வாராந்திரப் பரிசோதனையை நான் கைவிட மாட்டேன். சென்சாரையும் கைவிட மாட்டேன்.

ஏலகிரி வளைவு (ஜோலார்பேட்டை)

சார், அப்படியே என் சந்தேகத்தையும் தீருங்கள். ஏலகிரி மலைக்குக் கீழே மீட்டரில் பார்த்த காற்றும், பதினான்கு வளைவும் ஏறி மேலே போய்க் கையில் உள்ள கேஜை வைத்துப் பார்த்ததும் ஒத்துப்போகவில்லை. கேஜ் கூடுதலாகக் காட்டுகிறது. எதை நம்புவது?

ஓய்வுபெற்ற வாத்தியார் (வாலாஜா)

கேஜ் அளப்பது டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை. ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். வேலூரோடு ஒப்பிட்டால் அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றரை பிஎஸ்ஐ குறைவு. டயருக்குள் ஒன்றும் மாறாவிட்டாலும் கேஜில் அவ்வளவு கூடுதலாகத் தெரியும். வீலுக்குள் இருக்கும் சென்சார் பெரும்பாலும் வெளிக்காற்றோடு ஒப்பிடாமல் மொத்த அழுத்தத்தை அளக்கும் வகை. வண்டி அதிலிருந்து ஒரு நிலையான அளவைக் கழித்துக் காட்டினால் மலையேறியது அதற்குத் தெரியாது. இதோடு, ஏறும்போது டயர் சூடாவதும் சேர்ந்துகொள்ளும். இரண்டும் பொய் இல்லை, இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து அளக்கின்றன.

சிப்காட் ஷிப்ட் (ராணிப்பேட்டை)

இழை ஏலகிரிக்கே போய்விட்டது, சத்துவாச்சாரி சார் எங்கே? வீலை வாங்கிவிட்டீர்களா?

கோட்டை அகழி (சத்துவாச்சாரி)

இங்கேதான் இருக்கிறேன். எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். விற்பவரிடம், டயரை அவிழ்த்து சென்சாரைப் பார்த்த பிறகுதான் பணம் என்று சொன்னேன். முதலில் முகம் சுளித்தார், அப்புறம் ஒத்துக்கொண்டார். கருவி வைத்திருக்கும் ஒரு கடைக்கே நான்கு வீலையும் கொண்டுபோய்விட்டோம்.

டயரை அவிழ்ப்பதற்கு முன்பே கடைக்காரர் வால்வின் அருகே கருவியை வைத்து ஒவ்வொன்றாக எழுப்பிப் பார்த்தார். இரண்டு பதில் சொன்னன, 433 என்றும் அழுத்தமும் அடையாள எண்ணும் வந்தன. மூன்றாவது ஒன்றுமே சொல்லவில்லை. நான்காவதில் சென்சாரே இல்லை, வெறும் ரப்பர் வால்வு. அவிழ்த்துப் பார்த்ததில், பதில் சொன்ன இரண்டின் பாக எண்ணும் ஒன்றுக்கொன்று வேறு. எங்கோ ஒரு கட்டத்தில் யாரோ ஒன்றை மாற்றியிருக்கிறார்கள் போல.

சென்சாருக்கான தொகையைக் கழித்துவிட்டு வீலை மட்டும் பேசி முடித்தேன். இப்போது கேள்வி, என் 2015 சென்சாரைக் கழற்றி இந்த 18 அங்குலத்தில் போடலாமா, புதிது வாங்குவதா?

டயர்க்கடைத் தம்பி (காட்பாடி)

நல்ல வேலை செய்தீர்கள். "உள்ளே சென்சார் இருக்கு" என்ற வார்த்தைக்கு இப்படித்தான் அர்த்தம் வரும்.

உங்கள் சென்சாரைக் கழற்றிப் போடுவது கணக்குப்படி சுலபமான வழி. வண்டிக்கு அந்த எண்கள் ஏற்கனவே தெரியும், பதிவே தேவையில்லை. ஆனால் அவற்றின் வயதைப் பாருங்கள். சென்சாரின் பேட்டரி ஐந்து முதல் பத்து வருடம் தாங்கும், ஓட்டத்தைப் பொறுத்து. அதைத் திறந்து பேட்டரி மாற்ற முடியாதபடி பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். 2015 சென்சார் இன்னும் உயிரோடு இருப்பதே பெரிய விஷயம். இன்று கழற்றிப் புது வீலில் போட்டு, பேலன்சிங்கும் செய்து, ஆறு மாதத்தில் ஒன்று செத்தால், மறுபடியும் டயரை அவிழ்க்க வேண்டும். சென்சாரின் விலையை விட அந்த வேலைதான் எரிச்சல்.

என் யோசனை: நான்கு புரோகிராம் செய்யும் சென்சார் வாங்குங்கள். வாங்குவதற்கு முன், உங்கள் வண்டியின் மாடலும் வருடமும் அந்தக் கருவியின் பட்டியலில் இருக்கிறதா என்று கடையிலேயே காட்டச் சொல்லுங்கள். இருந்தால், உங்கள் பழைய சென்சாரின் எண்ணையே புதியதில் எழுதிவிடலாம். இதற்கு குளோன் என்று பெயர். வண்டிக்கு வீல் மாறியதே தெரியாது, பழைய பிள்ளைகள்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். பழைய சென்சார் செத்திருந்தாலும் பரவாயில்லை, பெரும்பாலானவற்றில் அதன் எண் உடம்பிலேயே அச்சாகியிருக்கும், அதைக் கையால் தட்டச்சு செய்து எழுதலாம். முன் இடது, முன் வலது என்று எந்த எண் எந்த வீல் என்பதைக் கழற்றும்போதே குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் இடது டயரில் காற்று இறங்கும்போது வலது டயரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

உலோக வால்வு வகை வாங்கினால் அதன் ரப்பர் வளையம், நட், வால்வுக் கோர் எல்லாம் புதிதாகவே வரும். அலுமினிய வால்வுக்குள் நிக்கல் பூசிய கோர்தான் போட வேண்டும். கடையில் கைக்குக் கிடைத்த சாதாப் பித்தளைக் கோரைத் திருகிவிட்டால் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று அரித்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு காற்று பார்க்கப் போனால் வால்வே உடைந்து கையோடு வரும். மூடியும் அப்படித்தான், பளபளக்கும் உலோக மூடி வேண்டாம், பிளாஸ்டிக் போதும். நட்டை அளவோடு இறுக்க வேண்டும், முழு பலத்தையும் காட்டினால் விரிசல் விடும். இன்னொன்று, சென்சாரின் உடம்பு ரிம்மின் உள்பள்ளத்தில் இடிக்காமல் உட்காருகிறதா என்று டயர் ஏற்றுவதற்கு முன் பாருங்கள். 17-இல் சரியாக இருந்த கோணம் 18-இல் இடிக்கலாம். கோணம் மாற்றக்கூடிய வால்வு இருந்தால் நல்லது.

ஆம்பூர் ஓட்டம்

இதெல்லாம் நல்ல கடையில். நடுராத்திரி மாதனூர் பக்கம் பஞ்சர் ஆனால் ரோட்டோரக் கடையில் இந்த நட், இந்த கோர், இந்த அளவு எல்லாம் யார் பார்ப்பார்கள்? கடப்பாரை மாதிரி ஒன்றை விட்டு டயரை நெம்புவார். சென்சார் தூள். நான் சாதா வால்வு என்று சொன்னதற்கு இதுதான் காரணம், சோம்பேறித்தனம் இல்லை.

டயர்க்கடைத் தம்பி (காட்பாடி)

இது நியாயமான கேள்வி பாய். டியூப்லெஸ் பஞ்சரில் பெரும்பாலும் டயரை அவிழ்க்கவே தேவையில்லை. ஆணியைப் பிடுங்கி வெளியிலிருந்தே ஸ்ட்ரிப் வைத்தால் ஊர் வந்து சேரலாம். அவிழ்த்தே ஆக வேண்டுமென்றால், "வால்வுக்கு அடியில் சென்சார் இருக்கு அண்ணே, அதுக்கு எதிர்ப்பக்கத்துல நெம்புங்க" என்று முதலில் சொல்லிவிடுங்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இப்போது தெரியும். வால்வில் உலோக நட் தெரிந்தால் அவர்களே கேட்கிறார்கள்.

நான் உண்மையில் பயப்படுவது நெம்புகோலுக்கு இல்லை, சீலன்ட்டுக்கு. டயருக்குள் பச்சையாக ஒரு திரவத்தை ஊற்றி "இனிமே பஞ்சரே ஆகாது" என்று விற்கிறார்களே, அது சென்சாரின் அழுத்தத் துளையை அடைத்துவிடக் கூடும். அப்புறம் அது காட்டுவதெல்லாம் கற்பனை.

சேவூர் சாலை (ஆரணி)

வால்வு மூடிக்குப் பதிலாக வெளியே திருகும் சென்சார், கண்ணாடியில் ஒட்டும் சோலார் திரையோடு வருகிறதே, அது எப்படி?

டயர்க்கடைத் தம்பி (காட்பாடி)

வண்டியின் சொந்த மீட்டரில் வராது, தனித் திரையில் வரும். டயர்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய வண்டிக்கு நல்ல தீர்வு, பேட்டரியும் நாமே மாற்றலாம். வீல் எத்தனை முறை மாற்றினாலும் கழற்றித் திருகிக்கொள்ளலாம். ரப்பர் வால்வின் நுனியில் அந்த எடை ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் வால்வு பழையதாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ராத்திரி வாசலில் வண்டி நிறுத்துபவர்களுக்குத் திருட்டு பயமும் உண்டு.

கோட்டை அகழி (சத்துவாச்சாரி)

குளோன் வேலை முடிந்தது. கருவியின் பட்டியலில் என் வண்டி இருந்தது. பழைய சென்சாரில் மூன்று எழுந்து எண் சொன்னன, நான்காவது எழவில்லை, அதன் எண்ணை உடம்பிலிருந்து படித்து எழுதினார்கள். கடையை விட்டுக் கிளம்பியபோது விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது, கொஞ்சம் பயந்துவிட்டேன். கடைக்காரர் "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க சார்" என்றார். சேண்பாக்கம் வழியாக பைபாஸ் ஏறி ஓட்டினேன், கொஞ்ச நேரத்தில் நான்கு அளவும் வந்துவிட்டன. 18 அங்குலத்தில் வண்டி கொஞ்சம் கடினமாகத்தான் போகிறது, ஆனால் நேராகப் போகிறது.

டயர்க்கடைத் தம்பி (காட்பாடி)

நின்ற இடத்தில் சென்சார் தூங்கும், சக்கரம் சுற்றினால்தான் விழித்து அடிக்கடி பேசும். அதனால்தான் அந்தத் தாமதம். சாவி போட்டதும் விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் சிமிட்டிப் பிறகு நிலையாக எரிந்தால் பெரும்பாலும் சென்சாரைக் காணவில்லை என்று பொருள். ஆரம்பத்திலிருந்தே சிமிட்டாமல் எரிந்தால் காற்று குறைவு. இரண்டுக்கும் ஒரே விளக்குதான், வித்தியாசம் சிமிட்டலில் இருக்கிறது.

சிப்காட் ஷிப்ட் (ராணிப்பேட்டை)

என் பங்குக்கு ஒரு கேள்வி. ஸ்டெப்னி இன்னும் பழைய 17 தானே? அதை மாட்டினால் என்ன ஆகும்? புது வண்டிகளில் ஸ்டெப்னியே இல்லை என்கிறார்களே, அது எப்படிச் சட்டப்படி சரி?

டயர்க்கடைத் தம்பி (காட்பாடி)

17 ஸ்டெப்னியின் விட்டமும் 18-இன் விட்டமும் 2 மி.மீ. வித்தியாசம் என்பதால் ஊர் வந்து சேர எந்தத் தடையும் இல்லை. ஸ்டெப்னிக்குள் சென்சார் இல்லையென்றால் அதை மாட்டியிருக்கும் வரை விளக்கு சிமிட்டும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கழற்றிய வீல் டிக்கியில் கிடந்தாலும் அதன் சென்சார் சில நேரம் "காற்று இல்லை" என்று சொல்லிக்கொண்டே வரும், அதுவும் இயல்பு.

ஸ்டெப்னி விஷயம்: 2020-ல் மோட்டார் வாகன விதியைத் திருத்தினார்கள், அந்த அக்டோபர் 1 முதல் அமல். மூன்றரை டன்னுக்கு மேல் போகாத கார்களில் டியூப்லெஸ் டயர், பஞ்சர் கிட், டயர் அழுத்த எச்சரிக்கை இவை இருந்தால் ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. ஸ்டெப்னி இல்லாத வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால், சென்சார் விளக்கின் மேல் டேப் ஒட்டுவதற்கு முன் இதை ஒருமுறை யோசியுங்கள். பஞ்சர் கிட்டில் வரும் சீலன்ட்டைப் பயன்படுத்திய பிறகு டயரை அவிழ்த்து சென்சாரைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் கேட்காவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.